மீதி ரொட்டிக் கணக்கு

மோரே கடற்கரையில் வடக்கே பார்த்த ஊர்.
கற்பலகைக் கூரை. சிலுவை இல்லை, மணி இல்லை,
பிரசங்க மேடை இல்லை.
போதகர் சம்பளம் என்றொரு பத்தி
நூற்றைம்பது வருடக் கணக்கில் எங்குமே இல்லை.

இப்போது கணக்கு என் கையில்.
தென்காசிச் சபையின் பரிந்துரைக் கடிதத்தோடு
மீன் ஆலையின் ஆய்வக வேலைக்கு வந்தவள் நான்.
முக்காடிட்டு உட்காரலாம், பாடலாம்;
கூட்டத்தில் வாய்திறந்து ஜெபிக்கலாகாது.
கணக்கு எழுதக் கூடாதென்று
எந்த நிருபத்திலும் இல்லை.

முதல் பேரேடு 1876.
வலை உலர்த்தும் மாடியில் பதினாறு பேர்,
உட்கார ஹெர்ரிங் பீப்பாய்கள்.
ரொட்டி ஒன்று. திராட்சரசம் ஒரு போத்தல்.
ஜேம்ஸ் மெயர் என்றே ஒன்பது பேர் இருந்ததால்
ஐக்கியப் பட்டியலிலும் பட்டப்பெயர்தான்:
மெயர் டோசி, மெயர் ஷேவி, மெயர் புல்லி.
ஜீவபுஸ்தகத்தில் எப்படிப் பிரித்தறிவார்களோ.

அட்டையில் பொருளாளர் என்று ஆண் பெயர்.
உள்ளே கையெழுத்து வேறு.
அவர்கள் ஷெட்லாந்து தாண்டி மீன் தேடிப் போன மாதங்களில்
மனைவிகள் எழுதினார்கள்.
திரும்பி வந்த பிறகும் அவர்களே எழுதினார்கள்.
1903ஆம் வருடத்துப் பக்கமொன்றில் ஒரு செதில்
ஒட்டிக்கொண்டு இன்னும் மினுங்குகிறது.

1918 நவம்பர்: ‘ஒரே பாத்திரத்தில் பருகுவது குறித்து
சகோதரர் கூடிப் பேசினர்.’
முடிவு எழுதப்படவில்லை.
டிசம்பர்ச் செலவில்: சவப்பெட்டி, சிறியது, இரண்டு.

பிறகு 1961.
எங்கோ தூரத்து நகரத்திலிருந்து ஒரு கடிதம்:
ஐக்கியத்தில் இல்லாதவரோடு ஒரே மேசையில் உண்ணலாகாது.
முப்பத்தொரு பேர் ஆமென் என்றார்கள்.
முப்பத்தெட்டுப் பேர் தரையைப் பார்த்தார்கள்.
ஆமென் சொன்னவர்கள் எழுந்துபோய்
துறைமுகத்தில் ஐஸ் கொட்டகையை வாடகைக்குப் பிடித்தார்கள்.
ஒரே படகில் அண்ணன் அணியத்தில் சாப்பிட்டான்,
தம்பி பின்கோடியில், முதுகைக் காட்டிக்கொண்டு.
ஒட்டு வீடொன்றில் சாக்கடைக் குழாயைக்கூடப்
பிரித்துப் போட்டார்கள்.
அந்தப் பதினான்கு பவுண்டு அவர்கள் கணக்கில்.

நம் கணக்கில் வில்ஹெல்மினா ஃபிளெட்.
ஞாயிறுதோறும் கடைசிப் பத்தியில்
‘மீதி பாதி. கடற்காகங்களுக்கு.’
எட்டு வருடம், ஒரு வாரம் தவறாமல்.
படகுகளே புறப்படாத, ஒரு பறவைகூடத்
தரையிறங்காத புயல் வாரத்திலும்
கடற்காகங்களுக்கு.

அந்த ஒட்டு வீட்டின் மறுபாதியில்
அவள் கூடப்பிறந்த எல்ஸ்பெத் கௌவி.
ஐஸ் கொட்டகைக்காரர்கள் கலைந்து போனபோது
அவர்கள் பேரேடு நம் அலமாரிக்கு வந்தது.
வரவுப் பக்கம். திங்கட்கிழமைகள். பென்சில் எழுத்து.
‘ரொட்டி, பாதி. கடற்காகம் தந்தது.’

இரண்டு பேரேட்டையும் மூப்பர்கள் தணிக்கை செய்திருக்கிறார்கள்.
‘சரிபார்த்தோம், கர்த்தருக்குள்’ என்று
இரண்டிலும் கையெழுத்து.

இன்று ஏழு பேர். கூரை ஒழுகுகிறது.
விடுமுறை விடுதியாக்கக் கேட்டு அபர்டீனிலிருந்து ஒருவர்
நடுமேசையையும் சேர்த்தே விலை பேசுகிறார்.
மேசை விற்பனைக்கில்லை என்றார் மூப்பர் ஆர்ச்சி ஃபிளெட்.
எங்கே கொண்டுபோய் வைப்பது என்று சொல்லவில்லை.

போன ஞாயிறு: வாங்கியது ஒன்று, மீதி முக்கால்.
கடற்சுவரருகே நின்று பிய்த்துப் போட்டேன்.
நிஜமாகவே வந்தன கடற்காகங்கள்,
கத்திக்கொண்டு, ஒன்றையொன்று கொத்திக்கொண்டு.
கை துடைத்து வந்து எழுத உட்கார்ந்தேன்.
அந்த வரி
என் கையெழுத்தில் பொய் போலத் தெரிகிறது.