கச்சான்

இருபது கிலோ மணல்
தம்பியின் பழைய பள்ளிக்கூடப் பையில்.
லிப்ட் பழுது. நல்லது.
மட்டக்குளி பிளட்ஸின் ஏழு மாடியும்
நாலு தரம் ஏறி இறங்குகிறேன்.
மூன்றாம் மாடி பரீனா தாத்தா கேட்கிறா:
"யாருக்கடி சாமான் தூக்கிறாய்?"
காட்டு நெருப்புக்கு என்றேன்.
கதவைச் சாத்திவிட்டா.

படிவத்தில் ஒரு கட்டம்: முன் அனுபவம்.
ஐந்துலாம்புச் சந்தி இரும்புக்கடையில்
கணக்கு எழுதியதை அதில் எப்படிப் போடுவது?
மண்வெட்டியின் விலை தெரியும்
பிடி தெரியாது.
வெறுமையாய் விட்டேன்.

நேர்முகத்தில் ஒரே கேள்வி:
தண்ணீர் இல்லாத இடத்தில் என்ன செய்வாய்?
எங்கள் மாடிக்குத் தண்ணி வருவதே
இரவு இரண்டு மணிக்குத்தான், சேர்,
அதுவரை இருப்பதை வைத்துச் சமாளிப்போம்
என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன்.
அவர் சிரிக்கவில்லை. எதையோ எழுதினார்.

ஆனி. கொழும்பு முழுக்க மழை.
சப்பாத்துக்குள் தண்ணீர்.
மணலும் நனைந்து இன்னும் இரண்டு கிலோ.
காலிமுகத்திடலில் கச்சான்காரன்
தாச்சியை மூடிக்கொண்டு ஒதுங்குகிறான்.
இந்தக் காற்றுக்கும் அதே பெயர்தான்.
இங்கே கொட்டித் தீர்த்துவிட்டு
மலை தாண்டி வெறுங்கையோடு இறங்கி
ஊவாவின் மானாப்புல்லை
முறுக முறுகக் காயவைக்கும்.

போன் அடித்தது.
மூன்று மாதம். ஆடி முதல். நாள் சம்பளம்.
சப்பாத்து உங்களுடையது.
சரி என்றேன், இரண்டு தரம்.

பாரத்தை இறக்கி
கச்சான்காரனிடம் நீட்டினேன்:
வறுக்க மணல் வேணுமா, அண்ணே?
ஒரு பிடி அள்ளிப் பிசைந்து பார்த்தான்.
"ஈரம், தங்கச்சி.
காயட்டும்."