கூட்டறிக்கைக் கொப்பி

கொக்குவில் சந்தியில் இறங்கினால்
ரயர்க் கடைக்கு மேல்மாடி.
ரப்பர் மணக்கும் படிகளில் ஏறவேண்டும்.

தலைவரைத் தள்ளி இருபத்துநாலு பேர்.
எங்களுக்குப் பிளாஸ்ரிக் கதிரை,
கைபிடி வைத்தது ஒன்றே ஒன்று.
அதில் யார் இருப்பது என்று
ஒருநாளும் தீர்மானம் போட்டதில்லை.

நான் உதவிச் செயலாளர்.
பதினொரு வருசமாய்க் கூட்டறிக்கை
என் கையெழுத்து.

அன்றைக்கு ஒரே ஒரு விடயம்:
சாவகச்சேரிக் கிளையில்
கணக்குக் கேட்ட குகதாசனை நீக்குவது.
"கட்சிக்கு அபகீர்த்தி ஏற்படுத்தியமை" என்று எழுதினேன்.
கணக்கு என்ற சொல்
அரைப் பக்கத்தில் ஓரிடத்திலும் வரவில்லை.

தலைவர் குரலை உயர்த்துகிறவர் அல்ல.
மூக்குக்கண்ணாடியைக் கழற்றி
வேட்டித் தலைப்பில் துடைப்பார்.
இரண்டாவது வில்லைக்குப் போகுமுன்
கைகள் எழும்பிவிடும்.

எண்ணுவதும் என் வேலை.
பேனை முனையால் காற்றைத் தொட்டுத் தொட்டு
எண்ணினேன். இருபத்திரண்டு.

கரவெட்டி மங்களேஸ்வரி ரீச்சரின் கைகள்
மடியில் கிடந்தன,
கைப்பை வாரைப் பிடித்தபடி.
முதல் தேர்தலுக்குக் கட்டுப்பணம் போதாமல்
தாலிக்கொடியைக் கழற்றி அடைவு வைத்த கைகள்.
மீட்கவில்லை.
இன்றைக்கும் மஞ்சள் கயிறுதான்.

"ரீச்சர்?" என்றார் தலைவர், கண்ணாடி போடாமல்.

"எதிர்ப்பு.
என்ர பேரைப் போட்டு எழுதும் தம்பி."

"அப்ப விலகிப் போறியளோ?"
பின் வரிசையில் ஒரு குரல்.

"கூரை ஒழுகுது எண்டு சொன்னால்
வீட்டை வித்துப்போட்டுப் போறன் எண்டோ அர்த்தம்?"

யாரோ சிரிக்கத் தொடங்கி
இருமலாய் மாற்றினார்.
ரோல்ஸ் தட்டு வந்தது.
வரிசையாய் வந்து
அவவைத் தாண்டிப் போனது.

கூட்டம் கலைய,
தலைவர் என் தோளில் கைவைத்தார்.
"ஒண்டு ரண்டையெல்லாம் எழுதி
பேப்பர்க்காரனுக்குத் தீனி போடாதையும்."
அவ்வளவுதான். கோபம்கூட இல்லை.

அந்தக் கையைப் பற்றி
நான் சொல்லியே ஆகவேண்டும்.
அண்ணா சைக்கிளோடு வீடு திரும்பாத வருசம்
அம்மாவோடு முகாம் முகாமாய் அலைந்தவர்.
முள்ளுக்கம்பிக்கு வெளியே, உச்சி வெயிலில்,
சனத்தோடு சனமாய் வரிசையில் நின்றவர்.
ஒரு சோடா வாங்கி அம்மாவிடம் கொடுத்துவிட்டு
தான் எச்சில் விழுங்கினதை
நான் பார்த்தேன்.
அண்ணா வரவில்லை.
வேறு ஒருவரும் எங்களோடு வரவில்லை.

அந்தக் கை தோளில் இருக்கும்போது
பேனை எந்தப் பக்கம் சாயும் என்று
பேனைக்கே தெரியும்.

இரவு ரைப் அடித்தேன்:
ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது.
லேசான சொல்.
ஒரு பிழையும் இல்லாமல் அடித்து முடித்தேன்.

அடுத்த கிழமை ரீச்சர் வந்தா,
நெல்லியடியிலிருந்து இரண்டு பஸ் மாறி, குடையோடு.
ஏசப்போகிறா என்று எழும்பி நின்றேன்.
"பழைய கொப்பியைக் காட்டும்" என்றா.
அதில் இருந்தது, அவசரத்தில் கிறுக்கியது:
ஆதரவு 22. எதிர்ப்பு 1.

ரைப் அடித்த தாளை அவ தொடவில்லை.
வாசித்திருப்பா.
கணக்குப் பாடம் திருத்துகிறவ மாதிரி
இலக்கங்களின்மேல் விரல் வைத்து,
"இருபத்திரண்டும் ஒண்டும் இருபத்துமூண்டு.
வந்தது இருபத்துநாலு பேர்.
மிச்சம் ஒண்டு எங்க?"

கீழே யாரோ ரயரில் காற்றுத் திறந்துவிட்டார்கள்.
அது முடியும்வரை இரண்டு பேரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

எழுதிக்கொண்டிருக்கிற கையை
ஒருவரும் எண்ணுவதில்லை.
நான்கூட.

அவ குடையை எடுத்தா.
"அடுத்த கூட்டம் எப்ப?"

"பதினாலாம் திகதி."

"வருவன்" என்றா.
வாசலில் நின்று திரும்பி,
"நீரும் வருவீர்தானே?"