காலிக் கட்டம்

தேடுபெட்டிக்கு முதலில் நான் கொடுத்த அகலம்
இருபது எழுத்து.
வெலிதா சிரித்தாள்.
எங்கள் ஊர்ப்பெயர்களை
நீ எழுதிப் பார்த்ததே இல்லையா?
கோர்னியே என்றால் மேல், தோன்யே என்றால் கீழ்,
போஸ்னா ஆற்றின் இந்தப் பக்கம்
ஒவ்வோர் ஊரும் இரண்டு தடவை பிறந்திருக்கிறது.
முப்பத்தைந்து ஆக்கினேன்.

பிறகு எழுத்துத் தகராறு.
ஒரே எழுத்தின் தலையில் கொக்கி வைத்தால் ஓர் ஒலி,
சாய்கோடு வைத்தால் வேறொன்று,
மொட்டையாக விட்டால் மூன்றாவது.
போர் ஓய்ந்த குளிர்காலத்தில்
இந்த அட்டவணையைத் தட்டச்சு செய்தவருக்கு
மொட்டை மட்டும்தான் வாய்த்தது.
கருவி மூன்றையும் ஒன்றாகப் பார்க்க
இரண்டு வாரம் உழைத்தேன்.
"ஒன்றாகப் பார்ப்பதற்கு
இந்த நாட்டில் அது குறைந்த நேரம்தான்" என்றார் த்ராகுதின்,
சர்க்கரைக் கட்டியைக் காபியில் நனைத்துக் கடித்தபடி.
கால் நூற்றாண்டாகக்
கண்ணிவெடி நிலங்களை அளக்கிறவர்.
நடக்கும்போதுகூட
தன் காலடிகளைப் பார்த்துக்கொண்டே நடப்பார்,
அலுவலகத் தரைவிரிப்பிலும்.

மூன்று பெட்டிகள் வரைந்தேன்:
புலம், உறவு, மதிப்பு.
சமம், சமமில்லை, பெரிது, சிறிது
இவையெல்லாம் உறவுகள்.
நானே வைத்த பெயர்.
அன்று அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்.

அக்டோபரில் வனத்துறை ஒரு பட்டியல் கேட்டது:
மரம் வெட்ட
ஆள் அனுப்பக் கூடாத இடங்கள்.
வெலிதா தேர்ந்தெடுத்தாள்:
நிலை. சமமில்லை. அகற்றியது.
இருநூற்றுப் பதினான்கு துண்டுகள்
திரையில் சிவந்தன.
எனக்கு வேகம் பிடித்திருந்தது.
ஒரு நொடிகூட ஆகவில்லை.

அவள் கை அச்சுப்பொறிக்குப் போகவில்லை.
"கல்லறை மேட்டுக்குப் பின்னால்
ஒரு பீச் மரக் காடு உண்டு.
அது எங்கே?"

இருந்தது. அட்டவணையின் அறுநூறாவது வரியில்.
பரப்பு இருந்தது, ஊர் இருந்தது,
நிலை என்ற கட்டத்தில்
ஒன்றுமே இல்லை.
யாரும் போய்ப் பார்த்ததில்லை, அதனால் யாரும் எழுதவில்லை.
அகற்றியதா என்று கேட்டால் தெரியாது.
அகற்றாததா என்று கேட்டாலும்
அதே தெரியாது.
தெரியாதது
எந்த வரிசையிலும் நிற்பதில்லை.
இப்படிப் பத்தொன்பது காடுகள்
சிவப்பில்லாமல்,
பச்சை மலைநிழலோடு,
காளான் பொறுக்கக் கூப்பிடுவதுபோல் கிடந்தன.

பிழை என்று சொல்ல முடியாது.
தர்க்கப்படி விடை சரி.
கையேட்டில் எங்கோ ஒரு பக்கத்தில்
நானே அதை எழுதியும் இருக்கிறேன்.
ரம்பத்தோடு மலையேறுகிறவன்
அந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டா ஏறுவான்?

ஒரு டிக் கட்டம் வைக்கலாம் என்றேன்:
"காலியானவற்றையும் சேர்க்க."
த்ராகுதின் காபிக்கோப்பையைக் கீழே வைத்தார்.
"டிக் செய்ய ஒருவன் மறப்பான்.
அவன் பெயரை அப்புறம் நான் எழுதுவேன்,
வேறொரு அட்டவணையில்."

அன்றிரவு உறவுகளைக் கலைத்தேன்.
இப்போது எதைத் தேடினாலும்
விடை இரண்டு வரியாக வரும்.
கிடைத்தவை: இருநூற்றுப் பதினான்கு.
ஒன்றும் எழுதப்படாதவை: பத்தொன்பது.
இரண்டாம் வரியை மூட
பொத்தானே கிடையாது.
வரைபடத்தில் அவை சாம்பல் கோடுகளாய்,
காயாத சுவரில்
விரல் இழுத்ததுபோல் தெரியும்.
அசிங்கமாக இருக்கிறது, மெதுவாகவும் இருக்கிறது
என்று தலைமையகத்திலிருந்து கடிதம் வந்தது.
இரண்டும் உண்மைதான்.

பனி உருகிய பிறகு வெலிதா போன் செய்தாள்.
பத்தொன்பது பதினெட்டாகிவிட்டது.
"பீச் காடா? அகற்றிவிட்டார்களா?"
"இல்லை. த்ராகுதின் ஓரம் வரை போய் வந்தார்.
சந்தேகம் என்று எழுதியிருக்கிறார்."

போனை வைத்துவிட்டுத் தேடிப் பார்த்தேன்.
சமமில்லை.
இருநூற்றுப் பதினைந்து.
கல்லறை மேட்டுக்குப் பின்னால்
ஒரு துண்டு
புதிதாகச் சிவந்திருந்தது.