ஆடும் பல்

அமைச்சகத்துப் படிவத்தில் என் பெயருக்கு நேரே
'உடன் செல்பவர்' என்று அச்சடித்திருக்கிறது.
பதினாறு வருடம் அடுத்தவர் வாய்க்குள்
விளக்கடித்துப் பார்த்தவன் நான்.
ஹவானாவில் என் சான்றிதழ் செல்லாதாம்.
ஓயுங்கெரெல் அந்த வரியைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு
கீழே கையெழுத்துப் போடச் சொன்னாள்.
போட்டேன்.

கடலே இல்லாத நாட்டிலிருந்து
கடல்வழியாகப் போகிறது எங்கள் வீடு.
முதலில் ரயில்,
கோபியைத் தாண்டி தியன்ஜின் துறைமுகம்,
அப்புறம் கப்பல்.
தொள்ளாயிரம் கிலோவுக்கு மேல் ஒரு கரண்டி கூடினாலும்
எங்கள் கைக்காசு.
குளியலறை எடை இயந்திரம் கூடத்துக்கு வந்துவிட்டது.
அகராதி இரண்டு கிலோ.
குதிரைச் சேணம் பதினொன்று; அதில் யாரும் ஏறி எட்டு வருடமாகிறது.
ஆட்டுத்தோல் கோட்டு நான்கு.
அதை எடுத்து வெளியே வைத்தாள்,
திரும்ப உள்ளே வைத்தாள்.
'அங்கே குளிர்காலமே கிடையாது' என்றேன்.
'தெரியும்.'
கோட்டு உள்ளேதான் இருக்கிறது.

வெளியே மைனஸ் முப்பத்தொன்று, நிலக்கரிப் புகை.
மீன் என்ன விலை என்று ஸ்பானியத்தில் கேட்டுப் பழகுகிறாள்
மீனைத் தொடாத என் மனைவி.
அஸர் காதை நிமிர்த்திக் கேட்கிறது.
நாற்பத்தாறு கிலோ நாய்.
விலங்குகளுக்கான கட்டத்தில்
ஏற்கெனவே கோடு கிழித்து அனுப்பியிருந்தார்கள்.
சனிக்கிழமை மச்சான் டெம்பெரெல் வருகிறான்,
தெரெல்ஜுக்குக் கூட்டிப்போக.

குடிவரப் போகிறவர்கள் வந்து
சுவரை அளந்துவிட்டு
மேசைமேல் முன்பணம் வைத்துப் போனார்கள்.
'அது என்ன பணம்?' என்றாள் மரால்.
'கட்டாயம் வருவோம் என்பதற்கு அடையாளம்' என்றேன்.
அவள் பணத்தைப் பார்க்கவில்லை,
நாக்கால் எதையோ தேடிக்கொண்டிருந்தாள்.
கீழ்வரிசையில், ஏழு வயதில், முதல் பல்.
ஆடுகிறது.

விழுந்த பால்பல்லைக் கொழுப்பில் பொதிந்து
நாய்க்குக் கொடுப்பது எங்கள் வழக்கம்.
நாய்ப்பல் போலவே முளைக்கும் என்பார்கள்.
மருத்துவனாக நான் இதற்குப் பொறுப்பேற்க முடியாது;
என் பால்பற்கள் இருபதும்
அப்படித்தான் போயின.

சனிக்கிழமைக்குள் விழுந்தாக வேண்டும்.
புதனன்று ஆப்பிள்.
வியாழனன்று கல்லாய்க் காய்ந்த தயிர்க்கட்டி.
வெள்ளியன்று கதவுக்குமிழில் நூலைக் கட்டிவிட்டு
கதவைச் சாத்தும் துணிச்சல் மட்டும் வராமல்
அரைமணி நேரம் நின்றாள்.
இரவு பதினோரு மணிக்கு என் முன்னால் வந்து
வாயைத் திறந்தாள்.
'பிடுங்கு.'

குறடுகள் பதினாலாம் பெட்டியில், டேப் ஒட்டியாகிவிட்டது.
விரலால் அசைத்துப் பார்த்தேன்.
வேர் இன்னும் விடவில்லை.
எத்தனை பேரிடம் வலிக்காது என்று சொல்லியிருக்கிறேன்!
இவளிடம் சொல்ல வாய் வரவில்லை.
'தானாக வரட்டும்.'
'அங்கே நாய் இருக்குமா?'
'தெருவுக்குத் தெரு.'
'அதுகளுக்கு நாம் சொல்வது புரியுமா?'
இரண்டாம் செயலாளரைப் பார்த்தேன்.
டேப்பைப் பல்லால் கடித்து அறுத்துக்கொண்டிருந்தாள்.
பதில் அமைச்சகத்திலிருந்து வர வேண்டும் போல.

சனிக்கிழமை
டெம்பெரெல் எஞ்சினை அணைக்கவே இல்லை,
அணைத்தால் உறைந்துவிடும்.
பிரியஸ் காரின் பின்னிருக்கை முழுக்க அஸர்,
அதன் மூச்சில் கண்ணாடி வெளுத்துப்போனது.
மரால் கையுறைக்குள்ளிருந்து
ஆட்டுவால் கொழுப்பு ஒரு துண்டு எடுத்தாள்.
மெல்லாமல் விழுங்கியது நாய்.
கையுறையையும் நக்கியது.
'உள்ளே பல் இல்லையே?' என்றான் மாமன்.
'முன்பணம்' என்றாள்,
பல்லை நாக்கால் தள்ளியபடி.

மாடிக்கு வந்தோம்.
இன்னும் பன்னிரண்டு கிலோ அதிகமாக இருந்தது.
ஓயுங்கெரெல் சேணத்தைத் தூக்கிக் கதவோரம் வைத்தாள்.
மீதி ஒரு கிலோவுக்கு
நான் பதினாலாம் பெட்டியைப் பிரித்தேன்.