அரை விரற்கடை

இருபத்திரண்டு கெஜம்.
கோடை முழுக்க அரைக்கைச் சட்டையில் நின்று
வைக்கோல் கட்டில் குத்திவைத்த காகிதத் தட்டைக்
கொசு கடிக்கக் கடிக்கத் துளைத்த தூரம்.

அக்டோபர் கடைசி வெள்ளி.
வட மிச்சிகனில் ஒரு மேப்பிள் மரம்,
பதினாறு அடி உயரத்தில் தகரப் பலகை,
பலகை மேல் நான்.
வெள்ளிதோறும் எனக்கு மாலை டிரிப் கிடையாது.
புதுக் கோட்டு, புதுக் கம்பளி முகமூடி.
இரண்டிலும் கடை வாசனை போகவில்லை.

வந்தது.
எட்டுக் கிளைக் கொம்பு.
வலப்பக்கம் பார்த்து நின்று
ஏதோ ஒரு இலையை யோசித்து யோசித்துத் தின்றது.

நாண் மூக்கு நுனியைத் தொட வேண்டும்.
விரல் கணு தாடை எலும்புக்குக் கீழே
பூட்டில் சாவி மாதிரி உட்கார வேண்டும்.
தொட்டது, உட்கார்ந்தது.
தொட்டது மூக்கையா கம்பளியையா என்று
அப்போது யார் கேட்டார்கள்?
இடுப்பை வளைக்காமல்
கையை மட்டும் கீழே இறக்கிக் குறிபார்த்தேன்.
விசையை அழுத்தவில்லை, கிள்ளினேன்.
அம்பு போவதைப் பார்க்கும் அவசரத்தில்
வில்லுக்குப் பின்னாலிருந்து தலை நீட்டினேன்.

விலாவில் பட்டால் ஒரு சத்தம் உண்டு.
இது
தர்பூசணியைத் தட்டிப் பார்க்கிற சத்தம்.

மான் ஓடவில்லை.
முதுகைக் கூனிக்கொண்டு
மறந்த சாமானை எடுக்கத் திரும்புகிறவன்போல் நடந்து
தேவதாரு இருட்டுக்குள் போயிற்று.

அம்பில் சிவப்பைவிடப் பச்சை அதிகம்.
மோந்து பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாம்.

வெய்லன் ரூனவாராவுக்குப் போன் செய்தேன்.
ஹார்டுவேர் கடையில் பெயின்ட் கலக்குகிறவன்,
மோப்பத்துக்கு ஒரு குட்டைக்கால் நாய் வைத்திருக்கிறான்.
"வயிறா?" என்றான்.
"வயிறு."
"தொடாதே, துரத்தாதே. ராத்திரி ரெண்டு மணிக்கு வரேன்."

எட்டு மணி நேரம்.
சமையலறை மேஜையில் வில்லைக் கிடத்தி
அறுகோணச் சாவியால் திருகுத் திருகாகச் சோதித்தேன்.
குறிமுள் அசையவில்லை.
நாணில் கட்டிய பார்வை வளையம் நேராக நிற்கிறது.
அம்பின் இறகு மூன்றும் முழுசாக.
எல்லாம் இறுக்கம். அது இன்னும் மோசம்.
ஒரே ஒரு திருகு தளர்ந்திருந்தால்
அதன்மேல் பழியைப் போட்டுத் தூங்கியிருப்பேன்.

காபி ஆறிய பிறகுதான் பார்த்தேன்:
நாண் மெழுகில் ஒட்டியிருக்கிறது
பாசி நிறத்தில் ஓர் இழை.
கோட்டை எடுத்து விரித்தேன்.
இடது கையில், முழங்கைக்கு முன்னால்
புசுபுசுவென்று உப்பிய இடத்தில்
பென்சிலால் கிழித்ததுபோல் ஒரு கோடு.

உரசியது அரை விரற்கடை.
அங்கே போய்ச் சேர்ந்தபோது ஒன்றரைச் சாண்.

பதினோரு வருஷமாய் ஸ்கூல் பஸ் ஓட்டுகிறேன்.
விடிகாலை டார்ச் அடித்து
டயர், பிரேக், கண்ணாடி, அவசரக் கதவு
ஒவ்வொன்றாய்ச் சுற்றிவந்து பார்த்து
கையெழுத்துப் போட்ட பிறகே சாவியைத் திருப்புகிறவள்.
இந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு
ஒரே ஒரு தரம், வெறும் ஒரு தரம்
கொல்லையில் நாணை இழுத்துப் பார்க்கவில்லை.

இரண்டரை மணி. உறைபனி.
நாய் மூக்கைத் தரையில் தைத்துக்கொண்டு போகிறது.
வெய்லன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு
பேசாமல் நடக்கிறான். நல்லவன்.
சதுப்பில் ஒரு படுக்கை, புல் நசுங்கி.
தொட்டேன், சூடில்லை.
அப்பால் இன்னொரு படுக்கை.
இரண்டுக்கும் நடுவில் எத்தனை தடவை எழுந்திருக்கும்?
எழுந்திருக்கப் பார்த்திருக்கும்?

மூன்றாவதில் இருந்தது.
கண்ணில் பனி பிடித்திருந்தது.
தொடைப்பக்கம் ஓநாய்நரி வந்துபோன அடையாளம்.

கொம்பில் கட்டும் சீட்டில்
தேதி கேட்கிறார்கள், மாதம் கேட்கிறார்கள்,
ஆணா பெண்ணா, கிளை எத்தனை.
எழுதினேன்.
கோட்டுக் கையைப் பற்றி எழுதக் கட்டம் இல்லை.

திங்கட்கிழமை மூன்றாவது ஸ்டாப்பில்
எம்ரிக் படியேறும்போதே கேட்டான்:
"கிடைச்சுதா?"
கிடைத்தது என்றேன்.
"ஒரே அம்பா?"

ஒரே அம்பு.
உட்கார், பெல்ட் போடு.