கீரை என்று தட்டினால்

மணலி புதுநகர் இ-சேவை மையத்தில்
மூன்றாம் கம்ப்யூட்டர் என்னுடையது.
அதில் 'க' விசை ஒரே தட்டில் விழாது.
இரண்டு முறை, சில நாள் மூன்று.
தேசிங்கு பொறுமையாக நின்றார்.

ஆதார், பாஸ்புக் முதல் பக்கம்,
வி.ஏ.ஓ. கையெழுத்துப் போட்ட அடங்கல்.
மடித்து மடித்து நாலாகக் கிழியப்போகும் அந்தத் தாளில்
மண் வாசனை இல்லை,
பக்கத்துக் கம்பெனி விடுகிற கேஸ் வாசனைதான்.
விச்சூர் ஏரிக்கரைக்குக் கீழே எழுபது சென்ட். குத்தகை.

என்ன பயிர்?

"சுக்காங்கீரை, பொன்னாங்கண்ணி.
ஓரமா பாலக்.
அந்த பர்கர் கடைக்காரன் கேட்டான்னு
வலை கட்டி லெட்டூஸ் ஒரு பாத்தி."

பட்டியலைத் திறந்தேன்.
வாழை இருந்தது. மரவள்ளி இருந்தது.
கத்தரி, வெண்டை, மிளகாய்.
கீரை என்று தட்டினால்
'பொருந்தும் பயிர் ஏதும் இல்லை'
சிவப்பு எழுத்தில், பணிவாக.

"மாட்டுக்குப் போடற தழைன்னு
வுட்டுட்டாங்களா இன்னா?"

ஆபீசுக்கு போன் போட்டேன்.
எதிர்முனையில் ஒருவர் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்:
இருபத்திரண்டு நாள் பயிரம்மா அது.
நீ அனுப்புற மனு என் மேஜைக்கு வர்றதுக்குள்ள
மூணு தடவை அறுத்து
தண்டையார்பேட்டையில வித்துட்டு வந்துடுவாரு.
எதைன்னு நான் இன்சூர் பண்ண?

நியாயம்தான்.
நியாயமாக இருந்ததுதான் சங்கடம்.

"கத்தரின்னு போட்டு வுடேன் கண்ணு."
இல்லாததைப் போட முடியாதுங்க.
கொஞ்ச நேரம் ஃபேனைப் பார்த்தார்.
"அப்ப நட்டுட்டு வர்றேன்."

நட்டார்.
மேட்டுப் பக்கம் இருபது சென்டில் முள்ளுக்கத்தரி.
அடங்கலில் ஏறியது, பிரீமியம் கட்டினார்,
ரசீதை லேமினேஷன் போடச் சொன்னார்.
அதற்கு இருபது ரூபாய் தனி.
மீதி ஐம்பது சென்டில் கீரை,
அரசாங்கத்துக்குத் தெரியாமல் முளைப்பது போல.

ஐப்பசிக் கடைசியில் பூண்டியைத் திறந்தார்கள்.
கொசஸ்தலை விச்சூருக்குள் நடந்து வந்தது.
மூன்று நாள் தண்ணீர்,
மேலே வானவில் மாதிரி எண்ணெய்.
சேதத்தை எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள்
தெரிவிக்க வேண்டும் என்கிறது விதி.
எங்கள் டவரே தண்ணீரில் நின்றது.
அறுபத்தெட்டாவது மணியில்
பால் டிராக்டரில் தொற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார்,
லேமினேஷன் ரசீது மட்டும் நனையாமல்.

பன்னிரண்டாம் நாள் மதிப்பீட்டாளர் வந்தார்.
சின்னப் பையன், ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.
கீரைப் பாத்திகள் கறுத்து, கொழகொழவென்று,
அடுப்பில் மறந்துபோன மசியல் மாதிரி கிடந்தன.
மேட்டில் கத்தரி நின்றது.
அடித்தண்டில் ஒரு முழம் சேறு,
நுனியில் ஊதாப் பூ.
இழப்பு: இல்லை, என்று எழுதினார்.
அவர் எழுதியதில் பொய் ஒன்றும் கிடையாது.

அந்தப் போட்டோவை ஏற்றியது நான்தான்.
முன்னால் கத்தரிப் பூ,
மகரந்தம் வரைக்கும் தெளிவு.
பின்னால் ஃபோகஸ் இல்லாமல்
கறுப்பாக ஏதோ.
கீழே அட்சரேகை, தீர்க்கரேகை, தேதி.

கார்த்திகையில் ஒரு பை கத்தரிக்காய் கொண்டுவந்தார்.
"இன்சூர் பண்ண காய். ஜாக்கிரதையா சாப்பிடு"
என்று சிரித்தார். நானும் சிரித்துத் தொலைத்தேன்.
குத்தகை பாக்கியைப் பற்றி
அவர் பேசவில்லை, நான் கேட்கவில்லை.
போகும்போது வாசலில் நின்று,
"விதை வாங்கிட்டேன். சுக்காந்தான்.
புதுப் பட்டியல் எப்ப வரும்?"

இரவு எட்டு மணிக்கு ஷட்டரை இறக்கும் முன்
சில நாள் தட்டிப் பார்க்கிறேன்.
'க' விழவில்லை.
மறுபடி.
சுத்திகரிப்பு ஆலையின் நெருப்பு
கண்ணாடிக் கதவில் ஆடுகிறது.
விழுந்துவிட்டது, கீ,
அடுத்த எழுத்து.