ஐந்தடி

வெளிச்சுவர் அறுபத்தோரடி.
நாடாவின் மறுமுனையில் நின்று
சமிந்து சிங்களத்தில் எண் சொல்கிறான்.
நான் இலக்கத்தில் எழுதிக்கொள்கிறேன்.
இலக்கங்களோடு இருவருக்கும் வழக்கில்லை.

உள்ளே,
மண்டபம் முப்பத்தாறு, பதிவேட்டறை பதினான்கு,
சுவர் மூன்றும் இரண்டிரண்டடி.
கூட்டினால் ஐம்பத்தாறு.
கணக்கு உதைக்கிறது.
சோற்றுப் பார்சலைப் பிரிக்குமுன் ஒருமுறை,
கை கழுவிய பின் ஒருமுறை அளந்தோம்.
ஐந்தடியைக் காணவில்லை.

பழைய காணிப் பதிவகம். பூட்டி ஒன்பது வருசம்.
அடியில் செம்புரைக்கல், ஒல்லாந்தர் வைத்தது.
முகப்புத் தூண்கள் பிரித்தானியர் வீம்புக்கு நட்டவை,
எதையும் தாங்கவில்லை.
ஓட்டைப் புரட்டினால் மங்களூர் முத்திரை.
கழிவறை மட்டும் நம்முடைய சுதந்திரச் சீமெந்து,
அதுதான் முதலில் வெடித்திருக்கிறது.
வந்த அரசெல்லாம் ஒரு சுவரையாவது
நகர்த்தாமல் போகவில்லை.

வெளியே கூச்சல்.
படிக்கட்டில் குடை விரித்து விற்கிறவன்
ஆட்டோக்காரனைத் திட்டுகிறான்.
புறக்கோட்டை.
கோட்டையை இடித்து, அகழியைத் தூர்த்து
நூற்றைம்பது வருசமாகிறது.
உள்ளே என்று ஒன்று இல்லாமற்போன பிறகும்
வெளியே அப்படியே இருக்கிறது.
அங்கே பஸ் நிற்கிறது, வெங்காயம் இறங்குகிறது,
கடிதங்கள் சரியாக வந்துசேர்கின்றன.
கொம்பனித்தெருவில் எந்தக் கொம்பனி?
புதுக்கடைக்குப் போகிறவர்கள்
கடைக்கா போகிறார்கள், வழக்குக்கல்லவா?
இடித்தவர்கள் கையில்
பெயர்கள் அகப்படவில்லை போலும்.

மேற்குச் சுவரை விரல் மடக்கித் தட்டிக்கொண்டே போனேன்.
மண், மண், மண் என்றது.
பிறகு பானை என்றது.

கரண்டியால் மெல்லச் சுரண்டினேன்.
நீலம், அதன்கீழ் மஞ்சள், அதன்கீழ் சுண்ணாம்பு வெள்ளை,
அதன்கீழ் ஒரு வளைவு,
வளைவு நிறையச் சீமெந்துக் கல்.
கீழே கருங்கல் விளிம்பு, நடுவில் தேய்ந்து
ஆழமற்ற தட்டுப்போல் குழிந்திருந்தது.
என் முழங்கை தானாகவே அதில் போய் உட்கார்ந்தது.
எத்தனை முழங்கைகள்
இதில் ஊன்றிக் காத்திருந்தனவோ.

வளைவுக்கு மேலே கறுப்பு மையில் இரண்டெழுத்து: உறு.
மீதி காரையோடு உதிர்ந்துவிட்டது.

'நான் வேலைக்கு வந்த நேரமே இப்படித்தான் இரிந்திச்சு மகள்,
கறையானுக்கு மூடினதாம்' என்றார் காவல்கார மக்கீன் நாநா.
வெள்ளத்துக்கு என்றாள் கோப்புப் பிரிவுக் குசுமாவதி.
படிக்கட்டுக் குடைக்காரன் ஒரு வருசத்தைச் சொன்னான்,
அவன் கூட்டாளி வேறொரு வருசத்தை.
இரண்டையும் குறிப்பேட்டில் எழுதவில்லை.
பீரிஸ் ஐயா போனிலேயே தீர்ப்புச் சொன்னார்:
'சுவர்க் கனம் ஏழடி என்று போடுங்கள், முடிந்தது.'
ஏழடிச் சுவரை
எந்தப் பதிவகத்துக்கு எந்த ஒல்லாந்தன் கட்டினான்?

சமிந்து எழுத்துகளைக் கிட்டப்போய்ப் பார்த்தான்.
'என்ன அது?'
'உறுதியாக இருக்கலாம். காணி உறுதி.'
'ஆ, ஒப்புவ' என்றான் அவன்.
ஒப்பு.
எங்கள் வீட்டுச் சாமான்
பக்கத்து வீட்டு அலுமாரியில் இருப்பதைக் கண்டதுபோல.
அவனிடம் சொல்லவில்லை.
ஏன் சொல்லவில்லை என்று
பஸ்ஸில் போகும்போது யோசித்தேன்.

மறைந்திருப்பதை
விட்டுவிட்டுக் கீற வேண்டும்.
வரைபடத்தின் சட்டம் அது, நான் போட்டதல்ல.
ஒரு கோடு, ஒரு வெளி, ஒரு கோடு.
ஐந்தடிக்கும் அப்படியே கீறினேன்.
பீரிஸ் ஐயா அழிக்கச் சொல்வார்,
அழிப்பதற்கும் கையொப்பம் கேட்பேன்.

கீழே அட்டவணை:
ஒன்று, மண்டபம்.
இரண்டு, பதிவேட்டறை.
மூன்றுக்கு நேரே பென்சில் கொஞ்சநேரம் நின்றது.
அறையா, அலுமாரியா, ஒரு கதிரை போடும் இடமா,
கதிரை இன்னும் உள்ளே இருக்கிறதா?

மூன்று: உட்புறம் அளக்கப்படவில்லை.